காணாது ஈத்த பொருள்

கடந்த தை மாதத்தில், நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எங்கள் ஆசிரியர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கும், அதே மேடையில் நடைபெறும் மாணவர் உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சிக்கும் தருமபுரியிலிருந்து அதிகாலைப் பேருந்தில் புறப்பட்டுப் போனேன். என்னோடு பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவரும் வந்தார். இந்த ஆண்டு உதவித்தொகை பெறும் இருவரில் ஒருவர் அவருடைய மகள். பல்கலைக்கழக விடுதியில் தங்கி முதுகலை வரலாறு முதலாண்டு படிக்கிறார். தாயார் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பேருந்து தொப்பூர்க் கணவாயை இறங்கிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, மங்கிய விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எம் பொண்ணு பேரு இதுல எங்க சார் போட்டிருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர், வரவேற்பவர், அறிமுகம் செய்பவர், வாழ்த்துபவர்கள், நன்றி நவில்பவர் என்று பட்டங்களோடு பதினொரு பெயர்கள் இருந்தன. சொற்பொழிவாளரின் பெயர் அவற்றுக்கு நடுவில் இருந்தது. பணம் போட்ட நாங்கள்கூட "முன்னாள் மாணவர்கள்" என்று அடியில் ஒரு வரியில் இருந்தோம். உதவித்தொகை பெறும் இருவரின் பெயர்கள் மட்டும் இல்லை. மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் அம்மா என்று சொல்லி அழைப்பிதழைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி ஊர் போய்ச் சேரும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த அறக்கட்டளை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் 1978 முதல் 1981 வரை படித்தவர்கள். தருமபுரி தனி மாவட்டமான அதே 1965ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் ஏற்படும்வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. ஆகவே சேப்பாக்கத்துச் செனட் மண்டபத்தின் நிழலைக்கூட மிதிக்காமல் அதன் பட்டதாரிகளானவர்கள் எங்களில் பலர். எங்களுக்கு வரலாறு நடத்திய பேராசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய், ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்களைக் காட்டுவார். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பையன்களுக்குத் தாமே கட்டிவிட்டு, ரசீதைக்கூட அவர்கள் கையில் கொடுக்கமாட்டார். யார் யாருக்கெல்லாம் கட்டினார் என்பது, அவர் 2008இல் மறைந்தபோது காரியத்துக்குக் கூடிய இடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. பதினைந்து பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் போட்டு 3,00,000 ரூபாய் சேர்த்தோம். அவர் முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தில் 2009இல் அதைச் செலுத்தினோம். வட்டியில் பாதி ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவுக்கும், மறுபாதி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் படித்து அங்கே வரலாறு பயில வரும் இருவருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பத்திரத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதன் நடைமுறை மிக எளிமையானது. கொடுப்பவர் நோக்கத்தையும் நிபந்தனைகளையும் எழுதிக் கொடுக்க, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்ற, தொகை நிலைவைப்பாக வங்கிக்குப் போய்விடுகிறது. முதல் தொகையில் கை வைக்கக் கூடாது. வட்டியில் மட்டுமே செலவு செய்ய வேண்டும். சர் வில்லியம் மேயர் பெயராலும் சங்கர பார்வதி பெயராலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அமைந்த புகழ்பெற்ற சொற்பொழிவுகளுக்கும் இதுதான் அடிப்படை. அத்தகைய மேடைகளில் பேசப்பட்டவை பல பின்னர் நூல்களாக அச்சேறி, தென்னிந்திய வரலாறு படிக்கிறவர்கள் தவிர்க்க முடியாத நூல்களாக நின்றுவிட்டன. ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் நிறுவியதும் இவ்வகை அறக்கட்டளைதான். பெரியவர்கள் செய்ததைச் சிறியவர்களும் செய்து பார்க்கலாம் என்ற துணிச்சலில்தான் நாங்களும் இறங்கினோம்.

ஆனால் நிலைவைப்புக்கு ஒரு குறை உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளை விட்டுவைப்பார்கள். அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும். எனவே மந்தையின் எண்ணிக்கை குறையாது, விளக்குக்கு நெய்யும் குறையாது. நெய் விலை ஏறினால் ஆட்டின் விலையும் கூடவே ஏறும். வங்கியில் கிடக்கும் மூன்று லட்சத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது சாகாது என்பது உண்மைதான்; ஆனால் நன்றாக மூப்படையும். 2009இல் 8 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வந்தது. மாணவர் ஒருவருக்கு 6,000 கிடைத்தது. 2020இல் வைப்பைப் புதுப்பித்தபோது வட்டி 5.4 சதவீதம், ஆண்டுக்கு 16,200. 2023இல் 6.5 சதவீதத்துக்குப் புதுப்பித்ததால் இப்போது 19,500 வருகிறது. அதாவது சொற்பொழிவுக்கு 9,750, மாணவர் ஒருவருக்கு 4,875. பதினேழு ஆண்டுகளில் விடுதி உணவுக் கட்டணம் எங்கே போயிற்று, எங்கள் உதவித்தொகை எங்கே நிற்கிறது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் முதலைக் கூட்டியிருக்க வேண்டும். பேசினோம்; செய்யவில்லை. அது எங்கள் தவறு, பல்கலைக்கழகத்தின் தவறு அன்று.

நிகழ்ச்சிக்கு வருகிறேன். பத்தரை மணி என்று போட்டிருந்தது, பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கிற்று. அரங்கில் ஏறக்குறைய இருநூறு மாணவர்கள் இருந்தார்கள். வரலாற்றுத்துறை மாணவர்கள் முப்பது பேர் இருக்கலாம். மற்றவர்கள், வகுப்பை நிறுத்திவிட்டு வரிசையாக அழைத்து வரப்பட்டவர்கள். கடைசியில் திரையில் காட்டப்படும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மின்சான்றிதழ் கிடைக்கும் என்று அறிவித்திருந்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பிறகு பொன்னாடைகள். ஒன்பது பொன்னாடைகளை எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் போர்த்துபவரும் போர்த்தப்படுபவரும் புகைப்படக்காரரை நோக்கி நிற்க வேண்டும். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கு இடமும் நேரமும் பதிந்த படம் தேவை என்பதால், கைப்பேசியில் ஒன்றும் கேமராவில் ஒன்றுமாக இரண்டு முறை நிற்க வேண்டும். வங்கிக்காரனின் புத்தி சும்மா இருக்காது: பொன்னாடை, பதாகை, நினைவுப் பரிசு, முன்வரிசைக்கு முந்திரி பிஸ்கட், எல்லாம் அந்த 9,750 ரூபாய்க்குள்தான். மிஞ்சுவதில்தான் சொற்பொழிவாளரின் பயணப்படியும் மதிப்பூதியமும்.

உதவித்தொகைக்கு அந்த இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு அட்டையில் அச்சடித்த மாதிரிக் காசோலை ஒன்று கொண்டுவரப்பட்டது. பழைய ஆண்டின் அட்டைதான். தொகையின் மேல் மட்டும் புதிய எண்ணை வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அறிவிப்பாளர் அந்த மாணவியின் பெயரைத் தலைப்பெழுத்து மாற்றிச் சொன்னார். மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் இருந்த தாயார், மேடையில் நிற்பவர்களின் முதுகு மறைத்ததால் எழுந்து நின்று பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். படம் எடுத்ததும் மாணவர்கள் இடப்பக்கப் படியில் இறங்கினார்கள், காசோலை வலப்பக்கக் கதவு வழியாக அறைக்குத் திரும்பிப் போயிற்று. கையில் கொடுத்த உறைக்குள் பாராட்டுச் சான்றிதழ் இருந்தது. பணம் பின்னர் வங்கிக் கணக்குக்கு வரும் என்று எழுத்தர் சொன்னார்.

சொற்பொழிவு தொடங்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. பேச வந்தவர் தொல்லியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; எங்கள் ஆசிரியரைப் போலவே கல்லைத் தேடி அலைந்தவர். தலைப்பு, தகடூர் நாட்டு நடுகற்கள். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். ஒரு மணி நேரத்துக்கு ஆயத்தம் செய்து வந்திருந்தார். பதினைந்தாம் நிமிடத்தில் துண்டுச்சீட்டு போயிற்று, இருபத்தைந்தாம் நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அந்த இருபத்தைந்து நிமிடங்களில் அவர் சொன்னவை இப்போதும் நினைவில் இருக்கின்றன. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் எடுக்கும் வரிசையை விளக்கினார். செங்கம் பகுதி எடத்தனூர் நடுகல்லின் படத்தைக் காட்டினார். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தியது. எருமை மந்தையைக் காக்கப் போய்ப் பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் அருகில் அவன் வளர்த்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. "அரசனின் பெயர் இந்தக் கற்களில் எதற்கு வருகிறது என்று பாருங்கள்" என்றார். "இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று காலத்தைக் குறிக்க வருகிறது. அதோடு அரசன் போய்விடுவான். கல் அவனுக்கு உரியதன்று, செத்தவனுக்கு உரியது."

எனக்கு உடனே அந்த அழைப்பிதழ் ஞாபகம் வந்தது. பக்கத்தில் பார்த்தேன், தாயார் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விகளுக்கு நேரமில்லை என்று அறிவித்து நாட்டுப்பண் பாடினார்கள். கியூஆர் கோடு திரையில் வந்ததும் இருநூறு கைப்பேசிகளும் உயர்ந்தன; ஐந்து நிமிடத்தில் அரங்கம் காலி.

நான் எழுத நினைத்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். சொற்பொழிவாளர் உணவுக்குப் போகும் வழியில், அரங்குக்கு வெளியே இருந்த புங்கமரத்தடியில் அந்த மாணவி அவரை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, எங்க ஊர்ல வேடியப்பன்னு ஒரு கல்லைக் கும்பிடுறோம். அது நடுகல்லா இருக்குமா?" தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் என்று வணங்கப்படும் கற்களில் பல நடுகற்கள்தான் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் அவர் "இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்தக் கையில் வில் இருக்கிறது, இடுப்பில் குறுவாள் உண்டா, காலடியில் மாடு ஏதும் தெரிகிறதா, தலைக்கு மேல் தட்டையான இடம் விட்டிருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருப்பதால் முழு உருவத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றும், திருவிழாவுக்கு முதல்நாள் எண்ணெய் பூசிக் கழுவும்போது இடக்கையில் வில் போல ஒன்று தெரியும் என்றும் மாணவி சொன்னார். பெரியவர் தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பாராட்டுச் சான்றிதழ் வந்த உறையின் பின்பக்கத்திலேயே ஒரு வீரனை வரைந்தார். காலைச் சூரியன் பக்கவாட்டில் விழும்போது படம் எடுக்க வேண்டும், உச்சி வெயிலில் எடுத்தால் செதுக்கல் தெரியாது என்றார். உயரத்தையும் அகலத்தையும் சாண் கணக்கில் அளந்தாலும் போதும் என்றார்.

அப்போதுதான், அதுவரை பேசாமல் நின்றுகொண்டிருந்த தாயார், "எங்க மாமியார் சொல்லுவாங்க சார், மாடு திருப்பப் போயி செத்துப்போன ஆளு அதுன்னு" என்றார். நிரையை மீட்கப் போய்ப் பட்டவன் என்று கல்வெட்டு சொல்லும் அதே செய்தி. பெரியவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒரு பேச்சு இருக்கும் அம்மா, கல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆனால் ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்து, ஊரின் பெயரையும் மாமியாரின் பெயரையும் சொன்னவரின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நாற்பது நிமிடங்கள் நின்றிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். அழைக்க வந்த அலுவலக உதவியாளர் இரண்டு முறை வந்து திரும்பினார். மூன்று லட்ச ரூபாயை நாங்கள் போட்டது எதற்காகவோ அது அன்று மேடையில் நடக்கவில்லை, மரத்தடியில் நடந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. விழாவையே நிறுத்திவிடலாம், மொத்த வட்டியையும் நேராக மாணவர்களின் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம் என்பது ஒரு தரப்பு. ஒளிக்காமல் சொன்னால், மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த யோசனையை முதலில் எழுதியவனே நான்தான். பொன்னாடைக்கு வட்டி போகிறதே என்ற ஆதங்கம். ஓசூரில் இருக்கும் நண்பர், ஒருவருக்கு 9,750 ரூபாயாக ஆகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கிருஷ்ணகிரியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரிய நண்பர் அன்று இரவு புறநானூற்றின் 208ஆம் பாட்டை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

எங்கள் ஊர்த் தலைவனைப் பற்றிய பாட்டுத்தான் அது. குன்றும் மலையும் கடந்து, பெருஞ்சித்திரனார் தகடூருக்கு அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடி வந்தார். வேலை மிகுதியோ வேறு காரணமோ, அதியமான் அவரை நேரில் காணாமல், இதைக் கொண்டு செல்க என்று பொருளைக் கொடுத்தனுப்பிவிட்டான். புலவர் அதை வாங்க மறுத்துவிட்டார். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்றார். தினை அளவே ஆனாலும், ஒருவரின் தகுதியை அறிந்து பேணிக் கொடுத்து அனுப்புவதே இனிது என்றார். வீட்டில் பசி இல்லாதவர் சொன்ன சொல் அன்று. குமணனிடம் அவர் பாடிய பாட்டில் பால் இல்லாமல் அழும் பிள்ளையும் வாடிய மனைவியும் வருகிறார்கள். அவருக்கு மறுக்கும் துணிவு இருந்தது. இருபத்தொரு வயது மாணவிக்கு அப்படி மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அதனால்தான் காணும் கடமை முழுவதும் கொடுப்பவர் தலையில் விழுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வந்துவிடுகிறது. இந்த மாணவியும் இளங்கலை படித்த மூன்று ஆண்டுகளும் அதைப் பெற்றவர்தான். மாதாமாதம் யாரும் மேடையில் ஏற்றவில்லை, அட்டைக் காசோலை இல்லை, பெயரைத் தப்பாகவும் சொல்லவில்லை. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அதுதான் உதவியது என்று அவரே சொன்னார். லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கும் அரசு ஒவ்வொருவரையும் கண்டு கொடுக்க முடியாது. காணாமல் கொடுத்தாலும் தவறாமல் கொடுப்பதே அங்கே அறம். ஆனால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் அப்படி வந்துகொண்டிருந்த இடத்தில், எங்கள் 4,875 ரூபாய் என்ன சாதித்துவிடப் போகிறது? பணத்தில் நாங்கள் அரசோடு போட்டி போட முடியாது. இருவரை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், அந்த இருவரைக் காண்பது எங்களால் முடியும். அவர்கள் துறையில் உள்ள ஒருவரை அவர்களுக்கு எதிரில் நாற்பது நிமிடம் நிற்க வைப்பதும் முடியும். விழாவை நிறுத்தினால் மிச்சமாகும் ரூபாயோடு அந்த மரத்தடியும் போய்விடும் என்று குழுவில் எழுதினேன். என் பழைய செய்தியை ஓசூர் நண்பர் தேடி எடுத்து அதற்குக் கீழே ஒட்டினார், ஏற்றுக்கொண்டேன்.

பதிவாளருக்கு நாங்கள் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஆளுக்கு இன்னும் 20,000 போட்டு முதலை ஆறு லட்சமாக்குவது முதல் செய்தி. இருவர் இறந்துவிட்டதால் அவர்கள் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். சொற்பொழிவுக்குக் குறைந்தது ஐம்பது நிமிடமும் கேள்விகளுக்கு அரைமணியும் ஒதுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே சேர்க்கக் கேட்டிருக்கிறோம். உதவித்தொகை பெறுபவர்களின் பெயர்கள் அழைப்பிதழில் சொற்பொழிவாளர் பெயருக்கு அடுத்து இருக்க வேண்டும், பொன்னாடைக்கு அறக்கட்டளை வட்டியில் செலவு எழுதக் கூடாது, நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே பணம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும் என்பவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு மாணவருக்கு விழா முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. பள்ளி நாளில் தொடங்கிய கணக்கு. வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண் மாறியது யாருக்கும் தோன்றவில்லை, அனுப்பிய பணம் திரும்பிவிட்டது. தமிழாசிரிய நண்பர் அப்போதும் ஒரு பாட்டை வைத்திருந்தார்: அதியமானின் பரிசில் காலம் நீட்டித்தாலும், யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போல அது தப்பாது என்று ஔவையார் பாடியது. அதே ஔவையார், அவன் நீட்டித்துக்கொண்டே போனபோது, எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே என்று எழுந்து போகப் புறப்பட்டதையும் அவருக்கு நினைவூட்டினேன். பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. ஆட்சிக்குழு கூடும்போது வைக்கப்படும் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெரியவர் தம் சொந்தச் செலவில் பேருந்து ஏறித் தருமபுரிக்கு வந்தார். நானும் உடன் போனேன். விடுமுறைக்கு வந்திருந்த மாணவி, ஊர் எல்லையில் எங்களுக்காகக் காத்திருந்தார். பூசாரியிடம் முன்னமே கேட்டு வைத்திருந்ததால், தண்ணீர் ஊற்றிக் கழுவ இசைந்தார். மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் இறங்க இறங்க, இடக்கையில் வில்லும் வலக்கையில் நீண்ட வாளுமாக ஒருவன் கல்லிலிருந்து வெளியே வந்தான். மார்பில் இரண்டு அம்புகள் தைத்திருந்தன. காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை; நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊர் இளைஞர்கள் பக்தியோடு போட்ட டைல்ஸ் தரை முழங்கால்வரை மூடியிருந்தது. தலைக்கு மேல் மூன்று வரிகளுக்கு இடம் இருந்தது. பெரியவர் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி அழுத்தி, மையொற்றினார். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வரிகள் மழுங்கியிருந்தன. நான்கைந்து எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. "தொறு" என்று படிக்கலாமா என்று மாணவி கேட்டார். கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்கு வரும் சொல் அது. படிக்கலாம், ஆனால் இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார் பெரியவர்.

உதவித்தொகை அன்றுவரை வந்து சேரவில்லை. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயருக்கும் பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் தலைப்பெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நிதிப் பிரிவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மைப்படித் தாள் காயும்வரை நான் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, மாணவியின் பெயர்த் திருத்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தாயார் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.